மருந்துத் தொட்டி

எங்கள் வீட்டில் எலி செத்தது ஒரு லெந்து காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில். ஊரடங்கு வந்த ஆண்டுக்கு முந்தின ஆண்டு, குருத்தோலை ஞாயிறுக்கு முன்னால் வரும் வாரம். இவ்வளவு நிச்சயமாகச் சொல்லக் காரணம் உண்டு. நான் பூந்தமல்லியில் தங்கை வீட்டில் சில நாட்கள் இருந்துவிட்டுத் திரும்பிய அன்று, ஆலயத்துக்காகக் குருத்தோலைச் சிலுவை பின்னச் சபைப் பெண்கள் என்னோடு வீட்டுக்குள் நுழைந்தார்கள். நுழைந்த வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். எலி புத்தக அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. அலமாரியை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் என் கணவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் இல்லாத நாட்களிலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அங்கேயே தட்டை வைத்துச் சாப்பிட்டும் இருக்கிறார்.

"என்னங்க, நாத்தம் குடலைப் பிடுங்குது. உங்களுக்குத் தெரியலையா?"

"இன்னா நாத்தம்?" என்றார். "நீ தங்கச்சி ஊட்டுக்குப் போய் வந்தாலே உனக்கு நம்ம ஊடு நாறும்."

பெண்கள் வாசலில் நின்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எலியை முறத்தில் வாரி எடுத்துப்போய் ரயில்வே லைன் ஓரம் போட்டுவிட்டு வந்தவரும் அவர்தான். ஊதுபத்திகூட வேண்டாம் என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு மூக்கு நான்தான். பால் திரிந்துவிட்டதா, கேஸ் மூடியிருக்கிறதா, துவைத்த சட்டையில் ஈர நாற்றம் இருக்கிறதா, எல்லாவற்றையும் என்னிடம் நீட்டி "அடிக்குதா?" என்று ஒரே சொல்லில் கேட்பார். அடிக்குது, அடிக்கல என்று நானும் ஒரே சொல்லில் சொல்வேன். சளி பிடித்து மூக்கு போய்விட்டது என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம்.

எது எப்போது நடந்தது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கிளை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கோவில்பதாகையில் நாங்கள் போகும் சிறிய சபையின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கல்நாட்டிய நாள், கூரை மாற்றிய ஆண்டு, எந்த ஐயர், அதாவது சபைப் போதகர், எந்தப் பண்டிகைக்குப் பிறகு மாற்றலாகிப் போனார் என்று தேடித் தேடி, சொந்த வாழ்க்கையையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டேன். சபையில் யாருக்காவது திருமணத் தேதி மறந்துவிட்டால் என்னைத்தான் கேட்பார்கள்.

என் கணவர் வேலை பார்த்தது அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு சின்னப் பட்டறையில். பித்தளையிலும் எஃகிலும் திருகாணி, குழாய் மூட்டு போன்ற சின்னச் சாமான்கள் செய்யும் இடம். ஆவடியில் ரயில் ஏறி, அம்பத்தூரில் இறங்கி, எஸ்டேட் வரை நடந்து போவார். சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை ஒரே பிரிவுதான்: கழுவும் பிரிவு. கடைசல் மெஷினிலிருந்து வரும் சாமான்கள் எண்ணெயும் கிரீஸுமாக இருக்கும். அவற்றைக் கம்பிக் கூடையில் போட்டு ஒரு சூடான தொட்டிக்குள் இறக்க வேண்டும். தொட்டியின் அடியில் ஒரு திரவம் கொதித்துப் புகைந்துகொண்டிருக்கும். அந்தப் புகை பட்டதும் எண்ணெய் எல்லாம் வழிந்து இறங்கிவிடும். கூடையைத் தூக்கினால் சாமான் ஈரமே இல்லாமல் பளபளவென்று இருக்கும்.

அந்தத் திரவத்துக்குப் பட்டறையில் பெயர் மருந்து. மருந்து ஊத்து, மருந்து தீர்ந்துபோச்சு, மருந்துத் தொட்டிக்கு ஆள் வேண்டும். முதலாளியும் அப்படித்தான் சொல்வார், லாரியில் பீப்பாய் கொண்டுவருபவரும் அப்படித்தான் சொல்வார்.

அதன் வாசனை எனக்குத் தெரியும். கொஞ்சம் இனிப்பானது, தலையை லேசாகக் கிறங்க வைப்பது. துணியில் நிற்காது, அவர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சட்டையிலிருந்து போய்விடும். ஆனால் மூச்சில் வரும். குளித்து, பல் தேய்த்து, சாப்பிட்டுப் படுத்த பிறகும் என் பக்கம் திரும்பினால் மூச்சில் அந்த இனிப்பு இருக்கும். கல்யாணமான புதிதில் அது இவருடைய உடம்பு வாசனை என்றே நினைத்திருந்தேன். ஆயுத பூஜைக்குப் பட்டறையில் விடுமுறை விட்டார்கள். அப்போது அது குறைந்து மறைந்தபோதுதான் வேலையின் வாசனை என்று புரிந்தது.

எங்கள் மகன் டிப்ளமோ முடித்து அதே பட்டறையில் சேர்ந்தான். அப்பா ஓய்வு பெற்றபோது அதே பிரிவுக்கு வந்தான். இப்போது அவன்தான் அதற்கு சூப்பர்வைசர். சூப்பர்வைசர் என்றால் நாற்காலியில் உட்காருபவன் என்று நினைக்கக் கூடாது. ஆள் வராத நாளெல்லாம் கூடையை இறக்குபவனும் அவனே. ஆள் அடிக்கடி வருவதில்லை.

எலிக்குப் பிறகு அடுத்ததாக நான் நாள் குறித்துச் சொல்லக்கூடியது பாட்டுப் பலகை. ஆலயத்தில் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை தொங்கும். அன்றைய ஆராதனையில் பாடப்போகும் கீர்த்தனைகளின் எண்களை அதில் சாக்பீஸால் எழுதுவது பல ஆண்டுகளாக என் கணவரின் வேலை. கடைசி வரிசையில் கண்ணாடி இல்லாமல் உட்காருபவருக்கும் தெரியும்படி பெரிது பெரிதாக, அச்சடித்ததுபோல எழுதுவார். ஊரடங்கு தளர்ந்து ஆலயம் திறந்த பிறகு வந்த முதல் அறுப்பின் பண்டிகை அன்று, முதல் எண் பெரிதாகவும் அடுத்தது சற்றுச் சிறிதாகவும், கடைசி எண் எறும்பு போலவும் இருந்தது. சபையார் பாதிப் பேர் ஒரு பாட்டும் மீதிப் பேர் வேறொரு பாட்டுமாகத் தொடங்கினார்கள். ஐயர் கையைக் காட்டி நிறுத்த வேண்டியதாயிற்று.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பாடகர் குழுவில் தபேலா வாசிக்கும் அவருடைய நண்பர் பிடித்துக்கொண்டார்.

"இன்னா அண்ணாத்தே, சாக்பீஸுக்கு ரேஷனா? நம்பர இத்தினியூண்டு போட்டா காணிக்கையும் இத்தினியூண்டுதான் வுழும். ஐயர் உன்ன சும்மா வுடுவாரா?"

"பலகை சின்னதாயிடுச்சு மாமே" என்றார் இவர். சொன்னது வேடிக்கையாகத்தான். முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை.

"ஜோக் சொன்னா சிரிச்சுகினு சொல்லுப்பா. கல்யாண ஊட்லயும் சாவு ஊட்லயும் ஒரே மூஞ்சியா வச்சிக்கினு கீற."

அந்தச் சிரிப்பு நடுவில்தான் நான் அவர் முகத்தை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன். மாவு பூசிக் காயவைத்தது போல இருந்தது.

ஒரு டாக்டரிடமிருந்து இன்னொரு டாக்டர், எலும்பு டாக்டர், சர்க்கரை டாக்டர் என்று சுற்றிக் கடைசியில் நகரத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். நரம்பியல் பிரிவில் ஒரு டாக்டரம்மா. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்தது. நோயாளிகளைப் பார்ப்பதோடு பார்கின்சன் நோயில் ஆராய்ச்சியும் செய்பவர். வெளிநாட்டு ஆய்விதழ்களில் அவருடைய கட்டுரைகள் வருகின்றன. கையை மடக்கி நீட்டினார், நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார்.

"கையில உதறல் இருக்குதுங்களா?"

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கு இன்னாத்துக்கும்மா உதறல்? எவனப் பாத்தும் எனக்கு உதறல் கெடையாது. எங்க பட்டறைல கேட்டுப் பாருங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் உதறல் என்றால் பயம் என்று நான் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, "நடுக்கங்க, நடுக்கம்" என்று திருத்திக் கேட்டார். வலது கையில் அது இருந்தது. ஓய்வாக வைத்திருக்கும்போது மட்டும், பீடி உருட்டுவது போலக் கட்டைவிரல் சுட்டுவிரல்மேல் ஊர்ந்தது.

எப்போதிலிருந்து என்று அவர் கேட்டதும் நான் எலியைச் சொன்னேன், பாட்டுப் பலகையைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். இவருக்கு வந்திருப்பது பார்கின்சன்தான், மூக்கு போவது இந்த நோயில் பல ஆண்டுகள் முன்னாலேயே நடக்கலாம். ஆனால் எந்த வீட்டிலும் எப்போது போனது என்று சொல்ல மாட்டார்கள் என்றார். மூளையின் நடுவில் கறுத்த நிறத்தில் ஒரு சின்ன இடம் இருக்கிறது, அங்கிருக்கும் செல்கள் செத்துக்கொண்டே வருகின்றன, கை நடுங்கி வெளியே தெரியும்போது உள்ளே நிறையப் போயிருக்கும் என்று படம் போட்டுக் காட்டினார். திரும்பி வருமா என்று நான் கேட்டதற்கு, "வராதுங்க. போறதை மெதுவாக்கறதுக்குங்கூட இன்னும் ஒண்ணும் கையில இல்லைங்க. இருக்கறதை வச்சு ஓட்ட மாத்திரை இருக்குது" என்றார். பொய் சொல்லாத டாக்டர் என்று அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அவருடைய ஆராய்ச்சியில் சேர்கிறீர்களா என்று கேட்டார். நோயாளி ஒவ்வொருவரிடமும் முதல் அறிகுறி என்ன, என்ன வேலை செய்தார், எங்கே வாழ்ந்தார் என்று விரிவாகக் கேட்டு எழுதும் ஆராய்ச்சி. அடுத்த முறை போனபோது உதவியாளராக இருந்த ஒரு பெண் இவரைத் தனியறைக்கு அழைத்துப் போனார். நான் மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"நல்ல பொண்ணு" என்றார். "கேட்டதுக்கெல்லாம் நச்சுனு பதில் சொல்ட்டேன்."

அதன் பிறகு நான் டாக்டரம்மா எழுதியவற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புரியாததை இரண்டு முறை மூன்று முறை படித்தேன். அவருடைய பழைய கட்டுரை ஒன்றில், இந்த நோய்க்குக் காரணமாகச் சந்தேகிக்கப்படுபவற்றில் ஒன்றாக, உலோகத்திலிருந்து கிரீஸ் எடுக்கும் ஒரு திரவத்தின் பெயர் இருந்தது. நீளமான பெயர். அதை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.

அந்த ஞாயிறு நெமிலிச்சேரியிலிருந்து மகன் வந்திருந்தான். அங்கே ஒரு அடுக்குமாடியில் வீடு வாங்கியிருந்தான். மருமகள் அப்போது மாசமாக இருந்தாள்.

"டேய், உங்க மருந்துக்கு நிஜப் பேர் என்ன?"

"எதுக்கும்மா? பில்லுல ட்ரைக்ளோர்னு வரும்."

அந்த நீளப் பெயரின் தொடக்கமும் அதுதான். கட்டுரையை அவனிடம் காட்டினேன். தொட்டியை விட்டு வந்துவிடு என்றேன்.

"நீ படிச்சிட்டு வந்து எல்லாத்துக்கும் பயமுறுத்துவம்மா. முன்ன மைதா, அப்புறம் மைக்ரோவேவ். இப்ப என் வேலையா?"

என் கணவர் அவன் பக்கம். "அது மருந்தும்மே. கைல கிரீஸ் ஆச்சுன்னா அதுலதான் கை கழுவுவோம். கை பூ மாதிரி ஆயிடும். அதுல இன்னா கீது?"

"வேற எங்க போறது சொல்லு" என்றான் மகன். "எஸ்டேட்ல எந்த ஷாப்புக்குப் போனாலும் இதே தொட்டிதான். எனக்குத் தெரிஞ்ச வேலையும் இதான்." பிறகு என் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தான். "சரி. டாக்டரம்மா அப்பாவ வச்சு ஆராய்ச்சி பண்றாங்கல்ல? அது வரட்டும். அதுல வேலைனாலன்னு போட்டிருந்தா மறுநாளே எழுதிக் குடுத்துட்டு வரேன். சத்தியமா."

சத்தியம் பண்ணாதே என்று சொன்னேன். எங்கள் வீட்டில் அது வழக்கமில்லை. ஆனால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் காத்திருந்தேன்.

பேரன் பிறந்தான். இவருக்கு நடை குறுகியது. குளியலறை வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும்; கீழே ஒரு கோடு இருப்பதாக நினைத்துத் தாண்டுங்கள் என்று நான் சொன்னால் தாண்டுவார். படுக்கையில் புரள முடியாது, நான் புரட்ட வேண்டும். குரல் சுருங்கிக்கொண்டே போனது. உரக்கப் பேசுவதாக அவர் நினைத்துக்கொள்வார். நான் அவர் வாயருகே காதை வைத்துக் கேட்பேன். பேரனைத் தூக்க மாட்டார். "வேணாம், கை நிக்காது. போட்ருவேன்" என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். பாட்டுப் பலகையைத் தபேலாக்காரர் எழுதுகிறார்.

கட்டுரை வெளியானது ஓர் ஆகமன காலத்தில், கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முன்னால், ஆலயத்தில் முதல் மெழுகுவத்தி ஏற்றிய வாரம். மருத்துவமனையில் கொடுத்திருந்த ஈமெயில் மகனுடையது. அதனால் அவனுக்குத்தான் வந்தது. அச்செடுத்துக்கொண்டு ஞாயிறு மத்தியானம் மருமகளோடு நேராக இங்கே வந்தான். செருப்பைக் கழற்றும் முன்பே பேசத் தொடங்கிவிட்டான்.

"அம்மா, இந்தா. உங்க டாக்டரம்மாவே போட்டுட்டாங்க."

கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை. பெயர் எதுவும் இல்லை. நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. ஒரு வரியில் முதல் அறிகுறி, வாசனை அறியாமை. அடுத்தது, வழிபாட்டுக் கூடத்துப் பலகையில் எழுதும் எண்கள் சுருங்கியது. உலகத்தில் வேறு யாராகவும் இருக்க முடியாது. அதே வரியின் ஓரத்தில், வேலையிடத்தில் இரசாயனத் தொடர்பு என்ற கட்டத்தில், இல்லை என்று இருந்தது.

"இல்லைன்னு இருக்கு பாரு" என்றான். அவன் குரலில் இருந்தது வெற்றி இல்லை, நிம்மதி. அவனும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறான் என்பது அப்போது தெரிந்தது.

நான் என் கணவர் பக்கம் திரும்பினேன். "என்னங்க, அந்தப் பொண்ணு உங்ககிட்ட என்ன கேட்டுச்சு?"

"எது?"

"வேலையப் பத்தி."

யோசித்தார். யோசிப்பதற்கும் இப்போது நேரம் ஆகும். "இரசாயனப் பொருள்னுச்சு. புரியல. அப்புறம், கெமிக்கல்ல வேல செஞ்சீங்களா தாத்தானு கேட்டுச்சு. இல்லம்மான்னேன்."

"ஏன் இல்லைன்னு சொன்னீங்க?"

"நான் எங்க கெமிக்கல் தொட்டேன்? கெமிக்கல்லாம் பக்கத்து ஷெட்டுல, முலாம் போட்றவங்களுக்கு. ஆசிட்டு. அவங்களுக்கு கிளவுஸ் குடுப்பாங்க, பூட்ஸ் குடுப்பாங்க. நம்மள்து மருந்துதான?"

குக்கர் சத்தம் போட்டது. மருமகள் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

"மருந்து போடுவீங்களானு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். "அந்தப் பொண்ணு மருந்து இன்னா சாப்புட்றீங்கனு கேட்டுச்சு. அத சொன்னேன். மாத்திர பேரெல்லாம் கரெக்டா சொன்னேனே."

மகன் காகிதத்தை மடித்தான். மீண்டும் பிரித்தான். "அதுக்கு இப்ப என்ன பண்றது? போட்டது போட்டாச்சு. பிரிண்ட் ஆயிடுச்சு." சாப்பிடாமல் கிளம்பிவிட்டான்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தோம். நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் நிறம் போனது. இவரிடம் குனிந்து, தொட்டி எவ்வளவு பெரியது, மூடி உண்டா, குனிந்து எட்டிப் பார்ப்பீர்களா என்று கேட்டார். மூடி உண்டு, போட்டால் வேலை ஓடாது என்றார் இவர். உள்ளே சாமான் விழுந்தால் மருந்தை இறைத்துவிட்டு உள்ளே இறங்கி எடுப்போம், தலை சுத்தும், வெளியே வந்து டீ குடித்தால் சரியாகிவிடும் என்றார். பழைய சினிமா பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார்.

டாக்டரம்மா கோப்பைப் பிரித்து அந்தக் கேள்வித்தாளை எடுத்தார்.

"அந்தக் கேள்வியெல்லாம் நான்தானுங்க தமிழ்ல எழுதினது" என்றார். "எங்க ஊர்ல வயலுக்கு அடிக்கறதை மருந்துன்னுதான் சொல்லுவோம். எனக்குத் தெரிஞ்சிருக்கோணும். பட்டறைலயும் அப்படிச் சொல்லுவாங்கன்னு தோணவே இல்லைங்க."

"இதனாலதான் இவருக்கு வந்ததா?"

"அப்படின்னு நான் எழுத முடியாதுங்க. ஒருத்தரைக் காட்டி இதனாலதான்னு யாராலும் சொல்ல முடியாது. சந்தேகம் பலமா இருக்குது, அவ்வளவுதான்." பிறகு கேட்டார்: "இப்ப அந்தத் தொட்டில யாருங்க நிக்கறாங்க?"

"நம்ம பையன்" என்றார் இவர். அதைச் சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவருக்கே கேட்டது என்று நினைக்கிறேன். கட்டைவிரல் வேகமாக ஊரத் தொடங்கியது.

"என் தம்பி அங்க நின்னா நான் சும்மா இருக்க மாட்டேனுங்க" என்றார் டாக்டரம்மா.

கட்டுரைக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்பினார். சில வரிகள்தான், அடுத்த கோடையில் வெளியானது. ஆராய்ச்சியில் இருந்த மற்றவர்களையும் கூப்பிட்டு, மருந்து என்ற சொல்லைப் போட்டு மறுபடி கேட்டார்களாம். இல்லை என்று முன்பு சொன்னவர்களில் இன்னும் சிலர் ஆமாம் என்றார்கள் என்று எனக்குப் போனில் சொன்னார். சிலரைக் கேட்க முடியவில்லை, வீட்டில் வேறு யாரோதான் போனை எடுத்தார்கள் என்றும் சொன்னார்.

அந்தத் திருத்தம் வரும்வரை இவர் காத்திருக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பும் ரயிலிலேயே மகனுக்குப் போன் போடச் சொன்னார். இவர் பேசுவது அவனுக்குக் கேட்கவில்லை. சத்தமாப் பேசுப்பா என்று அவன் கத்தியது எனக்கே கேட்டது. போனை என்னிடம் கொடுத்தார். அவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன்.

"நான் தப்பா சொல்ட்டேன்னு சொல்லு. அது மருந்து இல்லனு சொல்லு. அங்க நிக்காதனு சொல்லு."

அதே வார்த்தைகளில் சொன்னேன். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் வந்தது. முதலாளியிடம் பேசுகிறேன் என்றான்.

பொங்கல் முடிந்து வந்தபோது, டெஸ்பாட்ச் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்றான். பெட்டி எண்ணி லாரியில் ஏற்றும் வேலை. இவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. விடுவதற்கு அவருக்கு வரவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். அந்த மாதங்களில் அவர் சற்றுத் தெளிவாகவே இருந்தார். மாத்திரையின் வேலை அது என்றுதான் ஆய்விதழ்கள் சொல்லும், நான் மறுக்கவில்லை.

ஈஸ்டர் அன்று எல்லோரும் இங்கே. ஆலயம் முடிந்து பதினோரு மணி வாக்கில் மகன் குடும்பத்தோடு வந்தான். நன்றாகக் குளித்து, புதுச் சட்டை போட்டு, சென்ட் அடித்திருந்தான். முந்தின நாள் பட்டறை உண்டா என்று கேட்டேன். ஆர்டர் முடிக்கணும், அரைநாள்தான் என்றான். தோளில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை எழுப்பாமல் என் கைக்கு மாற்றுவதற்காக என் முகத்துக்கு மிக அருகில் குனிந்தான்; "மெதுவாம்மா, தலையப் புடி" என்றான்.

சென்ட்டுக்கு அடியில், பல்பொடிக்கு அடியில், அந்த இனிப்பு அவன் மூச்சில் வந்தது.

எத்தனையோ ஆண்டுகள் என் தலையணைக்குப் பக்கத்தில் இருந்த வாசனை. அதில் நான் தவற வழியில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டேன். எதிரே நாற்காலியில் இருந்தவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அசையாத முகம் அவருடையது. என் முகம் அப்படி இல்லையே.

"அடிக்குதா?" என்றார்.

அவர் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். மகனுக்கும் கேட்டுவிட்டது. "என்னப்பா?" என்றான். அவர் அவனைப் பார்க்கவில்லை.

"சொல்லும்மே. அடிக்குதா?"

பால் திரிந்ததா என்று கேட்பது போலத்தான் கேட்டார். இத்தனை ஆண்டில் அந்தக் கேள்விக்கு நான் இல்லாததைச் சொன்னதில்லை.

"அடிக்குது" என்றேன்.

"அம்மா!" என்றான் மகன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆள் வரலப்பா. நேத்து மட்டும்தான். டெஸ்பாட்ச்லதான் இருக்கேன், ஆள் வரலன்னா நான்தான் நிக்கணும், வேற யாரு..." மருமகள் அவனையே பார்த்தாள். அவளுக்கும் அது புதுச் செய்தி என்று எனக்குப் பட்டது.

என் கணவர் தொடைக்கு அடியிலிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்தார். அது முடிய நேரம் ஆனது. யாரும் உதவவில்லை. எடுத்து, என்னை நோக்கி நீட்டினார்.

"புள்ளையக் குடு."

"வேணாங்க, கை..."

"குடும்மே. அவன்கிட்ட கீறதுக்கு என்கிட்ட கீறது தேவல."

மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் பிள்ளையைக் கிடத்தினேன். அவர் கைகள் இரண்டு பக்கமும் அணைத்தன, நடுங்கின. பிள்ளை அந்த ஆட்டத்தில் விழித்து, அவரைப் பார்த்துவிட்டு, மறுபடி தூங்கிப்போனான். மகன் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றான். அவன் தோள்கள் அசைந்துகொண்டிருந்தன. யாரும் போய்க் கூப்பிடவில்லை. பிரியாணியைச் சாயங்காலம்தான் சாப்பிட்டோம்.

மறுநாள் திங்கள். அவன் வேலைக்குப் போனான்.

வேறு இடங்களில் விசாரித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறான்; அது உண்மை, எனக்குத் தெரியும். சிறுசேரிப் பக்கம் ஓர் இடத்தில் கேட்டுவிட்டு வந்தான். அங்கே கெமிக்கல் எதுவும் கிடையாதாம். கழுவுவதற்கு என்ன போடுகிறார்கள் என்று நான் கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

டாக்டரம்மாவின் திருத்தம் அச்சான பக்கத்தை மகன்தான் எனக்கு அனுப்பினான். அதில் இவருடைய வரியில் இல்லை என்பது ஆம் என்று மாறியிருக்கிறது. இவருக்குப் படித்துக் காட்டினேன். இப்போது விழுங்குவதும் சிரமம்; கஞ்சி, அதுவும் கெட்டியாக. பேச்சு பெரும்பாலும் போய்விட்டது. ஒரு சொல் மட்டும் இன்னும் தெளிவாக வருகிறது. மகன் வந்து உட்கார்ந்து, அவர் வாயைத் துண்டால் துடைத்து, அருகில் குனிந்து பேசிவிட்டு எழுந்து போனதும், கண்ணை என் பக்கம் திருப்பி அதைக் கேட்பார்.

நேற்று ஞாயிறு. நேற்றும் கேட்டார்.

அடிக்குது என்றேன்.